எதிர்சேவைக்கு வருகிறவர்களுக்கு மோரா, நன்னாரியா, ஜிகர்தண்டாவா? போகும்போது கையில் என்ன?

மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மலையை விட்டு இறங்கிவிட்டார் என்றால் எங்கள் வீட்டு வாசலில் செருப்பை எண்ண முடியாது. வீடு கே.புதூரில், அழகர்கோவில் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. மூன்றுமாவடியில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், தல்லாகுளம் வரை கூடவே நடக்கப் போகிறவர்கள், ராத்திரி தங்கி விடியற்காலையில் அழகர் வைகை ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போகிறவர்கள், சும்மா ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வருகிறவர்கள் என இரண்டு நாளில் ஐம்பது அறுபது பேர். பள்ளிக்கூடமும் லீவு விட்டிருக்கும், அதனால் ஒரு குடும்பம் என்றால் பிள்ளைகளும் சேர்த்தி. சாப்பாட்டுக்குக் கவலையில்லை. புளியோதரையும் தயிர்ச்சாதமும் கிளறி வைத்துவிட்டால் ஆயிற்று. குழப்பமெல்லாம் இரண்டு விஷயத்தில்தான். வந்தவுடன் குடிக்க என்ன கொடுப்பது? ஊருக்குக் கிளம்பும்போது கையில் எதைக் கொடுத்து அனுப்புவது?

இந்த இரண்டும் எங்கள் வீட்டில் என் தலையில் விழுந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மனைவி அடுப்பைப் பார்த்துக்கொள்வாள், நான் பானையையும் பாட்டிலையும் பார்த்துக்கொள்வேன். ஒவ்வொரு வருஷமும் ஒன்றைச் செய்து பார்த்து, ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொண்டு, அடுத்த வருஷம் மாற்றி, இப்போது ஓரளவு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்.

முதலில் ஜிகர்தண்டா. மதுரைக்கு வருகிறவனுக்கு ஜிகர்தண்டா கொடுக்காமல் அனுப்பினால் என்ன மரியாதை என்று நானும் நினைத்தவன்தான். ஒரு வருஷம் முப்பது பேருக்கு வீட்டிலேயே செய்தேன். ஆறு லிட்டர் பாலை அடுப்பில் வைத்து மூன்று லிட்டராகச் சுண்ட வைக்க வேண்டும். சித்திரை வெயிலில், கரண்டியை எடுக்காமல், இரண்டு மணி நேரத்துக்கு மேல். பால் லேசாக மர நிறத்துக்கு வரும்போது மணக்கும் பாருங்கள், அதற்காக நிற்கலாம். ஆனால் அதற்குப் பிறகும் வேலை முடியாது. பாலை ஆற வைத்து, குளிர வைக்க வேண்டும். கடல்பாசியைக் காய்ச்சி உறைய வைத்து நறுக்க வேண்டும், அல்லது பாதாம் பிசினை முந்தின ராத்திரியே ஊற வைத்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். கடல்பாசி கடலில் விளைவது. கொதிக்கும் நீரில்தான் கரையும், சூடு ஆறினால் ஃபிரிட்ஜ் இல்லாமலே கட்டியாகிவிடும். பாதாம் பிசின் மரத்திலிருந்து வடிவது. அதைக் காய்ச்ச வேண்டாம், எட்டு மணி நேரம் ஊறினால் ஒரு ஸ்பூன் ஒரு கிண்ணமாகப் பொங்கி நிற்கும். அவசரத்துக்குக் கடல்பாசி, வேலை குறைய வேண்டுமென்றால் பிசின். மேலே ஐஸ்கிரீம் வேறு வேண்டும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் இதையெல்லாம் எங்கே வைப்பது? மாவுச் சட்டியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினோம்.

அன்றைக்கு முதல் டம்ளரை அப்பத்தாவிடம் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, "நல்லாத்தான்யா இருக்கு. இதைக் குடிச்சுட்டு எங்கிட்டு நடக்க? படுக்கத்தான் தோணுது" என்றது. அப்பத்தா சொன்னது சரிதான். வெயிலில் நாலு கிலோமீட்டர் நடந்து வந்தவனுக்கு வேண்டியது தண்ணீரும் உப்பும். சுண்டிய பாலும் ஐஸ்கிரீமும் தாகத்தைத் தீர்க்காது, இன்னும் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்க வைக்கும். அன்றைக்கு ஜிகர்தண்டா குடித்த எல்லாருமே அடுத்த நிமிஷம் தண்ணீர் கேட்டார்கள். அதனால் என் கணக்கில் ஜிகர்தண்டா தாகத்துக்கு ஆகாது. சாப்பிட்டு முடித்த பிறகு உட்கார்ந்து ரசிக்க வேண்டிய பண்டம் அது. திருவிழா முடிந்து, தங்கியிருக்கிற ஏழெட்டுப் பேரோடு ஒரு ராத்திரி செய்யுங்கள், அருமையாக இருக்கும். இல்லையென்றால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விளக்குத்தூண் பக்கம் ஒரு நடை போய் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், வீடும் கலையாது.

பருத்திப்பாலையும் சிலர் கேட்கிறார்கள், மதுரை என்றால் அதுவும்தானே என்று. விதையை ராத்திரி ஊற வைத்து, ஆட்டி, மூன்று முறை பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுச் சூடாகக் குடிக்கிற பானம் அது. மார்கழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். செய்கிறவர்களுக்கு ஒன்று மட்டும்: விதைப்புக்கென்று விற்கிற பருத்தி விதையை வாங்கிவிடாதீர்கள். அதில் பூச்சிமருந்து பூசியிருப்பார்கள்.

அடுத்தது பானகம். இதை எடுத்துச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு. அழகரை எதிர்கொள்ளப் போகிறவர்கள் சொம்பில் நாட்டுச்சர்க்கரையை நிரப்பி, வாயை வாழையிலையால் மூடி, மேலே சூடம் ஏற்றிக் கொண்டுபோவார்கள். எங்கள் வீட்டிலிருந்தும் ஒரு சொம்பு போகும். பிரசாதம் கொடுத்தது போக மீதி திரும்பி வரும். அந்தச் சர்க்கரையில்தான் அன்றைக்குப் பானகம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் போதும். கரைத்து வடிகட்டி, அரை ஸ்பூன் சுக்குப்பொடி, நான்கு ஏலக்காய், ஒரு எலுமிச்சம்பழம், ஒரு சிட்டிகை உப்பு. அடுப்பே வேண்டாம், ஐந்து நிமிஷம். குறை என்னவென்றால், காலையில் கலக்கியது மாலையில் லேசாகப் புளிக்கத் தொடங்கிவிடும், அதுவும் நம்மூர் வெயிலில். பித்தளை அண்டாவில் எலுமிச்சை பிழிந்து வைப்பதும் கூடாது. எவர்சில்வர் அல்லது மண்பானை. பிள்ளைகள் சுக்குக் காரத்துக்கு முகத்தைச் சுளிப்பார்கள், ஆனால் இரண்டாவது டம்ளர் கேட்பார்கள். பெரியவர்களில் ஒரு சாரார், "வெல்லம்தானே, சீனி இல்லையே" என்று மூன்று டம்ளர் ஊற்றிக்கொள்வார்கள். சுகர் இருக்கிறவர்களுக்கு வெல்லமும் சர்க்கரைதான். இதை ஒருமுறை என் பெரியப்பாவிடம் சொல்லப்போய், அவர் அந்த வருஷம் முழுக்க என்னை 'டாக்டரு' என்றே கூப்பிட்டார்.

அந்தப் பெரியப்பாக்களுக்காகத்தான் நீர்மோர். தெருவுக்குத் தெரு மோர்ப்பந்தல் இருக்கும்போது வீட்டிலும் மோரா என்று மனைவி கேட்பாள். இருக்கட்டுமே. சர்க்கரை இல்லை, உப்பு உண்டு, வயிற்றை அடைக்காது, ஒரு லிட்டர் தயிருக்கு நான்கு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் இருபத்தைந்து டம்ளர். செலவில் இதை எதுவும் நெருங்க முடியாது. கவனிக்க வேண்டியது இரண்டு. பச்சைமிளகாய் இல்லாமல் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு சின்னப் பானை வைத்துவிடுங்கள். இஞ்சியைத் துருவிப் போடாமல் தட்டித் துணியில் கட்டிப் பானைக்குள் தொங்கவிடுங்கள், நார் வாயில் மாட்டாது. ஐஸ் வேண்டுமென்றால் வீட்டுத் தண்ணீரில் உறைய வைத்ததைப் போடுங்கள். பாளமாக விற்கிற ஐஸ் எதற்காகச் செய்தது, எந்தத் தண்ணீரில் செய்தது என்று யாருக்கும் தெரியாது. நான் ஐஸே போடுவதில்லை, மண்பானைக் குளிர்ச்சி போதும்.

மோரிலும் ஒரு சிக்கல் உண்டு, அது பானை விஷயம். விருந்தாளி ஒரே நேரத்தில் வருவதில்லை. பதினோரு மணிக்குப் பத்துப் பேர், ஒரு மணிக்கு இரண்டு பேர், மூன்று மணிக்கு யாருமில்லை, நாலரைக்கு இருபது பேர். நாலரைக்கு மோர் புளித்திருக்கும், அல்லது தீர்ந்திருக்கும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு நான்கைந்து வருஷம் ஆயிற்று. திருவிழா வீட்டுக்கு ஏற்றது, ஆள் வர வர டம்ளர் டம்ளராகக் கலக்கிக் கொடுக்கக்கூடிய பானம். அப்படி யோசித்தபோதுதான் நன்னாரிக்கு வந்து சேர்ந்தேன்.

நன்னாரி சர்பத் கடையில் பாட்டிலில் கிடைக்கிறது, தெரியும். வாசனையைவிட நிறம் தூக்கலாக இருக்கும். வீட்டில் செய்வது பெரிய வித்தையில்லை. கீழமாசி வீதிப் பக்கம் நாட்டுமருந்துக் கடையில் வேர் வாங்குங்கள். வாங்கும்போது ஒரு துண்டை ஒடித்து முகர்ந்து பாருங்கள், மணம் உடனே மூக்கில் ஏற வேண்டும். மணமில்லாத பழைய வேரில் எவ்வளவு சர்க்கரை கொட்டினாலும் சர்க்கரைத் தண்ணீர்தான் மிஞ்சும்.

100 கிராம் வேரை மண் போகக் கழுவிக் காய வைத்து, அம்மியில் லேசாகத் தட்டினால் மேல்தோல் விரிந்து நடுவில் வெள்ளையாக ஒரு குச்சி தெரியும். அந்தக் குச்சியை உருவி எறிந்துவிடுங்கள். மணமெல்லாம் தோலில். என் மகளுக்கு எட்டு வயதில் இந்த வேலையைக் கொடுத்தேன், அரை மணி நேரம் சத்தமே இல்லை. தோலை இடித்து, ஒரு லிட்டர் கொதிக்கிற தண்ணீரை அதன்மேல் ஊற்றி மூடி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். வேரைப் போட்டுக் கொதிக்க விடாதீர்கள், மணம் வீடெல்லாம் பரவும், சர்பத்தில் இருக்காது. காலையில் துணியில் வடிகட்டி, அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் வண்டல் அடியில் தங்கும். தெளிவை மட்டும் சாய்த்து எடுத்து, ஒன்றரைக் கிலோ சீனி போட்டுக் கரைந்து ஒரே ஒரு கொதி வந்ததும் இறக்கி, இரண்டு எலுமிச்சம்பழச் சாறு. எலுமிச்சை ருசிக்கு மட்டும் இல்லை, அது இல்லாவிட்டால் பாட்டிலின் கழுத்தில் சீனி பூத்துப்போகும். சீனியைக் குறைத்தால் உடம்புக்கு நல்லது என்று ஒருமுறை ஒரு கிலோவோடு நிறுத்தினேன். பத்தாம் நாள் பாட்டிலைத் திறந்தபோது சோடா மாதிரி 'புஸ்' என்றது. இந்தச் சர்பத்தைக் கெடாமல் வைத்திருப்பதே சீனிதான்.

இந்த அளவுக்கு ஒன்றேமுக்கால் லிட்டர் போலக் கிடைக்கும். டம்ளருக்கு இரண்டு மேசைக்கரண்டி, அரை எலுமிச்சம்பழம், பானைத் தண்ணீர். அறுபது டம்ளர் வரும். ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன், ஒரு டம்ளரில் ஐந்தாறு டீஸ்பூன் சீனி இருக்கிறது. அதனால் சுகர்க்காரர்களுக்கு மோர், மற்றவர்களுக்கு நன்னாரி. மதியம் வரை மோர்ப் பானை, அதற்கு மேல் பாட்டில். பானகம் சொம்புச் சர்க்கரை இருக்கிற அளவுக்கு மட்டும். இதுதான் எங்கள் வீட்டு ஏற்பாடு. ரோஸ்மில்க், கூல்டிரிங்ஸ் பற்றியெல்லாம் கேட்காதீர்கள், அதைக் குடிக்க எங்கள் வீடு வரை எதற்கு வர வேண்டும்?

இனி, கொடுத்து அனுப்புவது.

இதில் நான் முதலில் செய்த தப்பு, எனக்குப் பிடித்ததைச் செய்தது. எனக்கு மாவடு என்றால் உயிர். மாசி பங்குனியில் நத்தம் பக்கத்திலிருந்தும் அழகர்மலை அடிவாரத்திலிருந்தும் வடு வரும். கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பு, மஞ்சள், கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி போட்டுக் குலுக்கி வைத்தால் சித்திரைக்குள் சுருங்கிப் பதமாகியிருக்கும். ஒரு வருஷம் கெடாது. இதைவிட நல்ல பரிசு உண்டா என்று சென்னைக்குப் போகிற என் மதினியிடம் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறையக் கொடுத்தேன். செங்கல்பட்டு தாண்டும்போது போன் வந்தது. மூடி விட்டுக்கொடுத்து, கடுகும் மிளகாயும் கலந்த அந்தத் தண்ணீர் முழுக்கப் பையில். பையில் இருந்தது பட்டுச்சேலை. "ஊறுகா நல்லாத்தான் இருக்கு தம்பி, சேலையே சொல்லுது" என்றார். அதற்குப் பிறகு மாவடு உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும், அதுவும் அவர்களே ஜாடியைக் கொண்டுவந்தால்.

இனிப்பு என்றால் பாசிப்பருப்பு மாவுருண்டை. வறுத்து அரைத்து, பொடித்த சீனியும் சுட்ட நெய்யும் விட்டுப் பிடிப்பது, குழந்தை முதல் பல் போன கிழவர் வரை சாப்பிடலாம், இரண்டு மூன்று வாரம் இருக்கும். தீபாவளிக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். சித்திரையில் வேண்டாம். வெயிலில் நெய் இளகி, டப்பாவைத் திறந்தால் உருண்டை இருக்காது, மாவுதான் இருக்கும். கடலைமிட்டாய் இன்னும் மோசம், பாகு கசிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தவிர, கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020-லேயே புவிசார் குறியீடு வாங்கிவிட்டது, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அதற்கு முந்தின வருஷமே வாங்கிவிட்டது. இரண்டும் பஸ்ஸில் போய் வாங்குகிற தூரம். நம்மைவிட நன்றாகச் செய்கிற ஊர்கள் பக்கத்தில் இருக்கும்போது நாம் அடுப்பில் வேகுவானேன்? வீட்டில் செய்கிற பொருள் கடையில் அந்த ருசியில் கிடைக்காததாக இருக்க வேண்டும். அதிரசத்தைப் பற்றி நான் பேசுவதில்லை, பாகுப்பதம் இன்னும் என் கைக்கு வரவில்லை.

வற்றல் வகை இந்த மாதத்துக்கென்றே பிறந்தது. கூழ்வற்றலுக்கு விடியற்காலை நான்கு மணிக்கே அரிசிக்கூழைக் கிண்டி, மாடியில் வேட்டியை விரித்து, சூரியன் ஏறுவதற்குள் பிழிந்துவிட வேண்டும். காக்காய்க்கு ஒரு பழைய கறுப்புக் குடை. மூன்று நாள் வெயில் போதும், அப்புறம் ஒரு வருஷம் கவலையில்லை. நல்ல பரிசுதான், ஆனால் பயணத்தில் நொறுங்கும், இடத்தை அடைக்கும். கால் கிலோ வற்றலுக்கு ஒரு தலையணை அளவு பை. காரில் வருகிறவர்களுக்குக் கொடுக்கலாம். ரயிலில் போகிறவர்களுக்கு மோர்மிளகாயோ சுண்டைக்காய் வற்றலோ கொடுப்பது மேல், நசுங்கினாலும் நஷ்டமில்லை.

இதையெல்லாம் தாண்டி நான் வந்து நின்றது இட்லிப்பொடியில். கேட்டால் சப்பென்று இருக்கும், திருவிழாவுக்கு வந்தவனுக்கு மிளகாய்ப்பொடியா என்று. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து போன பொருட்களில் 'தீர்ந்துபோச்சு, இன்னும் இருக்கா' என்று திரும்பக் கேட்கப்பட்டது அது ஒன்றுதான். இனிப்பை எல்லாரும் கொடுக்கிறார்கள், மூன்றாம் நாள் அது பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறது. பொடி நிதானமாக இரண்டு மாதம் சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது. ஒரு கப் உளுந்து, அரை கப் கடலைப்பருப்பு, இருபது வற்றல்மிளகாய், இரண்டு மேசைக்கரண்டி எள், கட்டிப்பெருங்காயம், கல்லுப்பு. எல்லாவற்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும், உப்பையும் சேர்த்து. ஒன்றாகக் கொட்டி வறுத்தால் எள் கருகும்போது உளுந்து பச்சையாக இருக்கும். வறுத்ததை அகலமான தட்டில் பரப்பி, கையில் சூடு தெரியாத வரை ஆறவிட்டு, பிறகு அரைத்து, அரைத்த சூடும் ஆறிய பிறகு பாட்டிலில் போடுங்கள். அவசரப்பட்டு மூடினால் உள்ளே வேர்த்துக் கட்டியாகிவிடும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மிளகாயைப் பாதியாக்கி, மேலே 'பாப்பா பொடி' என்று எழுதிக் கொடுக்கிறோம். நிலக்கடலை, முந்திரி எதுவும் சேர்ப்பதில்லை. எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள் என்பதால் அதை மட்டும் மூடியில் எழுதிவிடுவது வழக்கம்.

இதோடு ஒரு பாட்டில் நன்னாரி. நாம் ஊற்றிக் கொடுத்த அதே சர்பத்தைத்தான் கொடுத்து அனுப்புகிறோம், தனி வேலையில்லை. இரட்டிப்பு அளவு செய்தால் போதும். குடித்துப் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொன்னவருக்கு அதையே கையில் கொடுக்கும்போது அவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். ஆனால் எல்லாருக்கும் இல்லை. சுகர் உள்ள வீட்டுக்குப் பொடி மட்டும். வெளிநாடு போகிறவர்களுக்கும் பொடி மட்டும், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் எந்தத் திரவத்தையும் விமானத்தில் விட மாட்டார்கள். கண்ணாடி பாட்டில்தான் நல்லது. வெந்நீரில் கழுவி, மாடியில் கவிழ்த்து ஒரு நாள் வெயிலில் காய வைப்பேன். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருக்கக்கூடாது. மாவடு பாடத்துக்குப் பிறகு, ஊற்றி மூடிய பாட்டிலை ஒரு ராத்திரி படுக்க வைத்துப் பார்க்காமல் யாரிடமும் கொடுப்பதில்லை.

போன வருஷம் எட்டு பாட்டில் கொடுத்தேன். ஐந்து திரும்பி வந்தது. கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாது என்று இன்னும் நினைக்கிறவர்கள் நம் பக்கம் இருக்கிறார்கள் அல்லவா, ஒன்றில் மிளகு இருந்தது, இரண்டில் கொல்லைப் புளி. உசிலம்பட்டிச் சித்தி அனுப்பியதில் மரச்செக்கு நல்லெண்ணெய், கழுத்து வரை. அந்த எண்ணெயில் குழைத்துத்தான் மிச்சமிருந்த பொடியை ஆடி வரை சாப்பிட்டோம்.